சிலம்பக் களத்து நாட்குறிப்பு

2025 மார்ச் 30, ஞாயிறு

களத்துமேட்டுக்குப் போகும்போது மணி ஐந்தே கால். பிசான அறுவடை முடிந்து நாளாகியும் வைக்கோல் வாசம் இன்னும் போகவில்லை. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் கணுக்கால் அளவுக்குத்தான் கிடக்கிறது. சேரன்மகாதேவிப் பக்கம் இந்த மாதத்தில் விடிகாலை ஒரு மணி நேரம்தான் குளிர்ச்சி, ஏழு மணிக்கு மேல் தரை சுட ஆரம்பித்துவிடும். அதனால் ஆசான் ஐந்தரைக்குத் தொடங்கி ஏழுக்கு முடித்துவிடுவார். செவ்வாய், வியாழன், சனி, ஞாயிறு. வாரத்தில் இந்த நான்கு நாளும் என் தையல் மிஷின் எட்டு மணிக்குப் பிறகுதான் ஓடும்.

நான் சிலம்பம் படிக்க வந்து எட்டு மாதம். மகனைச் சேர்த்துவிட வந்தேன். அவன் மூன்றாம் வாரமே கிரிக்கெட் பக்கம் போய்விட்டான், நான் நின்றுவிட்டேன். வயது முப்பத்தாறு. முதல் மூன்று மாதம் கையில் கம்பே கிடையாது, காலடி மட்டும்தான். முன்னே வைப்பது, பின்னே வாங்குவது, நாலு மூலைக்கும் திரும்புவது. "காலு நின்னாத்தான் கம்பு நிக்கும்" என்பார் ஆசான். அது உண்மை என்று என் முழங்காலுக்குத் தெரியும்.

இப்போது களத்தில் பதினெட்டுப் பேர். கம்பு பன்னிரண்டுதான் இருக்கிறது. ஆகவே மூன்று மூன்று பேராகப் பிரித்திருக்கிறார். ஒருவர் அடிக்க வேண்டும், ஒருவர் கட்ட வேண்டும், அதாவது அந்த அடியைத் தன் கம்பால் தடுக்க வேண்டும், கம்பு இல்லாத மூன்றாவது ஆள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பத்து அடிக்கு ஒரு தடவை மூவரும் இடம் மாறுவோம்.

எங்கள் மூவரில் நான் ஒருத்தி. மேலச்செவலில் இருந்து சைக்கிளில் வருகிற ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி. ஆறாம் வகுப்பு படிக்கிற ரைஸ்மில் வீட்டுப் பையன் ஒருவன். இந்தக் குறிப்புகளில் யார் பெயரையும் எழுதப் போவதில்லை. மேலச்செவல்காரி, ரைஸ்மில் பையன் என்றே எழுதுகிறேன். களத்திலும் பாதிப் பேருக்கு அப்படித்தான் பெயர்.

ஏப்ரல் 1, செவ்வாய்

எட்டு மாதமாக என் வீச்சில் ஒரு கோளாறு இருந்திருக்கிறது. இன்றைக்குத்தான் தெரிந்தது. சொன்னது ரைஸ்மில் பையன்.

"அத்தை, நீங்க அடிக்கதுக்கு முந்தி இடது தோளைத் தூக்குதிய."

நம்பவில்லை. இன்னொரு தடவை அடித்துப் பார்த்தேன். தூக்கத்தான் செய்கிறேன்! கம்பு கிளம்பும் முன்பே தோள் போய் எதிராளிக்குச் சேதி சொல்லிவிடுகிறது. ஆசான் பதினெட்டுப் பேரைப் பார்க்க வேண்டியவர், என் தோளையே பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. கட்டுகிறவருக்குக் கண் கம்பின் மேல் இருக்கும். சும்மா நிற்கிறவருக்குத்தான் முழு ஆளும் தெரிகிறது.

மூன்றாவது ஆளுக்கு ஆசான் இரண்டு சட்டம் போட்டிருக்கிறார். நல்லா இருக்கு, நல்லா இல்லை என்று சொல்லக்கூடாது. கண்ணில் என்ன பட்டதோ அதை மட்டும் சொல்ல வேண்டும். இரண்டாவது, ஒரு சுற்றுக்கு ஒரு விஷயம்தான். ஐந்து குறையை அடுக்கினால் கேட்கிறவருக்கு ஒன்றும் நிற்காது என்கிறார். போன மாதம் ஒரு பெரிய பையன் ஒரு சின்னவளிடம் "உனக்கு வராது" என்று சொல்லிவிட்டான். அன்றைக்கு அவனை முழு நேரமும் மூன்றாவது ஆளாகவே நிறுத்திவைத்தார்.

தோளை அடக்குவது எப்படி என்றும் பையனே சொல்லிக் கொடுத்தான். "கக்கத்துல முட்டை இருக்குன்னு நெனைச்சுக்கிடுங்க. கீழ விழாம வீசணும்." ஆசான் இதையே "கையைக் கட்டி வீசு" என்பார். அவர் ஐம்பது வருஷமாக வீசுகிறவர், அவருக்கு அது போதும். இவன் போன மாதம்தான் இதே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றவன். எங்கே தடுக்கும் என்பது அவனுக்கு இன்னும் மறக்கவில்லை. முட்டை என்றதும் எனக்குப் பிடிபட்டுவிட்டது.

ஏப்ரல் 5, சனி

இன்றைக்கு ஆட்டம் கொஞ்சம்தான், கம்புகளுக்கு எண்ணெய் போட்டோம். பழைய துணியை வேப்பெண்ணெயில் நனைத்து அடி முதல் நுனி வரை இழுக்க வேண்டும். துணி எங்காவது மாட்டினால் அங்கே சிலாம்பு கிளம்பியிருக்கிறது என்று அர்த்தம். மயிரிழை விரிசல் கூட ஆபத்து. வேகமாக அடிபடும்போது பிளந்து முகத்தில் பாயும். அவரவர் கம்பை அவரவர் பார்க்கக்கூடாது, பக்கத்து ஆளிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். தன் கம்பில் இருக்கிற விரிசலைத் தன் கண் காணாது என்று ஆசான் உறுதியாகச் சொல்கிறார்.

எல்லாமே கல்மூங்கில். கணு நெருக்கமாக இருக்கும், உள்துளை சிறியது, சில கம்புகள் கிட்டத்தட்டக் கெட்டி. வெட்டி வந்ததும் ஆற்றில் ஊறப் போடுவோம். மூங்கிலில் இருக்கிற மாவுச்சத்து தண்ணீரில் கரைந்துவிட்டால் வண்டு துளைக்காது. அப்புறம் நிழலில் காய வைத்து, வளைந்த இடத்தைத் தீயில் காட்டி நிமிர்த்த வேண்டும்.

கம்பு ஆளின் நெற்றி உயரம் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசான் வழிக் கணக்கு. வளர்ந்தவருக்கு ஐந்தரை அடி சுமாராக வரும். எங்கள் கூட்டத்தில் ஆறாம் வகுப்புக்காரனும் கல்லூரி அண்ணனும் ஒரே கம்பைப் பிடித்தால் எப்படி? என் டேப்பை எடுத்துப் பதினெட்டுப் பேர் நெற்றியையும் அளந்து, கம்புகளை மூன்று அளவாகப் பிரித்து, அடியில் கலர் நூல் சுற்றிவிட்டேன். சிவப்பு சின்னவர்களுக்கு, பச்சை நடுத்தரம், நீலம் பெரியவர்களுக்கு.

முன்பு நாற்பதுக்கும் மேல் கம்பு இருந்ததாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகி வந்தபோது ஆற்றங்கரைக் கொட்டகையோடு போய்விட்டன. தண்ணீர் வடிந்ததும் பிள்ளைகள் கருவேல மரத்தில் சிக்கியிருந்த மூன்றைத் தேடிக் கொண்டுவந்தார்கள். அந்த மூன்றும் இன்றும் ஆட்டத்தில் இருக்கின்றன. எண்ணெய் போடும்போது அவற்றுக்குத் தனி மரியாதை.

எண்ணெய் போடுகிற நேரம் கதை நேரம். 1799 அக்டோபர் 16இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டதையும், 1801இல் ஊமைத்துரையின் போர் முடிந்த பிறகு கோட்டைகளை இடித்து, பாளையங்களின் ஆயுதங்களை வெள்ளையர் பறித்ததையும் ஆசான் சொன்னார். "வாளை வாங்கலாம், வேலை வாங்கலாம். மாடு பத்துதவன் கையில இருக்க கம்பை எவன் வாங்க?" என்று கேட்டார். பிள்ளைகள் எண்ணெய்த் துணியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

எழுத மனசே இல்லை. ரைஸ்மில் பையன் கையில் அடித்துவிட்டேன்.

தலையடி பாடம். நான் அடிக்க வேண்டும், அவன் இரண்டு கையாலும் கம்பைத் தலைக்கு மேல் குறுக்கே ஏந்த வேண்டும். ஏழாவது அடியோ எட்டாவதோ, அவன் வலது கை கம்பில் நகர்ந்து நடுவுக்கு வந்துவிட்டது. என் கம்பு நேராக விரல் மேல் இறங்கியது. சத்தம்கூடப் போடவில்லை, அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டான். ஐஸ் வாங்கி வந்து வைத்தோம். எலும்புக்கு ஒன்றுமில்லை, விரல் மடங்குகிறது. ஆனாலும் நடுவிரல் வீங்கி நீலம் பாய்ந்துவிட்டது.

ஆசான் என்னைத் திட்டவில்லை. மூன்றாவது ஆளாக நின்ற மேலச்செவல்காரியிடம் "என்ன கண்டே?" என்று மட்டும் கேட்டார். "அவன் கை நடுவுக்கு வந்துட்டு ஆசான். அத்தை அடி சரியாத்தான் வந்துச்சு" என்றாள்.

சரியாகத்தான் வந்ததாம். அது என் காதில் ஏறவே இல்லை. சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா காப்பி கொடுத்து, "விளையாட்டுன்னா இதெல்லாம் உள்ளதுதானக்கா" என்றாள். திரும்பி வரும் வழியெல்லாம் அந்த விரல்தான் கண்ணுக்குள் நின்றது.

ஏப்ரல் 11, வெள்ளி

பங்குனி உத்திரம். களம் லீவு. ஊரே அவரவர் சாஸ்தா கோயிலுக்குக் கிளம்பிவிட்டது. நாங்களும் போய்ப் பொங்கல் வைத்துவிட்டு வந்தோம். பையனின் விரலுக்கு வேண்டிக்கொண்டேன்.

ஏப்ரல் 17, வியாழன்

சித்திரை பிறந்து நாலு நாள். அம்மன் கோயில் திருவிழாவான கொடை மே 6, செவ்வாய்க்கிழமை. பால்குடம் ஆற்றில் இருந்து வரும்போது முன்னால் நாங்கள் கம்பு ஆட வேண்டும். ஆறு ஜோடி ஆடும், ஆறு பேர் இரண்டு பக்கமும் கூடவே நடந்து வருவார்கள், தெரு முனைக்குத் தெரு முனை ஆள் மாறும். ஆசானின் சொற்படி அந்த ஆறு பேரும் சும்மா வரக்கூடாது, கண்ணாக வர வேண்டும்.

பிள்ளைகளைப் பெற்றவர்கள் சிலர் வந்து, சர்டிபிகேட் கிடைக்குமா என்று கேட்டார்கள். 2021இல் அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பத்தையும் சேர்த்தார்கள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியிலும் சிலம்பத்தைக் காட்சி விளையாட்டாக வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. நான் அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். கம்பு பிடித்த பிள்ளைக்கு ஒரு வேலை கிடைத்தால் அதைவிடச் சந்தோஷம் என்ன? ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளையை முந்தவேண்டும் என்று மட்டும் நினைத்து வருகிற பிள்ளை ஜோடிப் பாடத்தில் திணறுகிறது. இதை நான் பார்த்திருக்கிறேன். எதிரே நிற்கிறவர் தேறாமல் இந்த வித்தையில் நாம் மட்டும் தேற முடியாது.

என் விஷயம்: இப்போது என் அடி மென்மையாக வருகிறது. ஒரு வாரமாக என்னோடு ஜோடி சேர்கிற யாருக்கும் சிறு வலிகூட இல்லை. சின்னப் பிள்ளைகள் "அத்தை கூட" என்று கேட்டு வருகிறார்கள். ரைஸ்மில் பையன் கட்டுப் போட்ட விரலோடு மூன்றாவது ஆளாக மட்டும் நிற்கிறான். மேலச்செவல்காரி என் அடிகளை ஒன்றுகூட விடாமல் கட்டுகிறாள். மனசு கொஞ்சம் ஆறியிருக்கிறது.

ஏப்ரல் 22, செவ்வாய்

கடையில் சேர்ந்த வெட்டுத்துணியை ஆசான் கொண்டுவரச் சொன்னார். கம்பு நுனிகளில் பந்து மாதிரி சுற்றிக் கட்டி, தையலுக்குக் கோடு போடுகிற சாக்பீஸை இடித்துப் பொடியாக்கி அதில் தோய்த்தோம். கட்ட முடியாமல் போன அடி சட்டையில் வெள்ளையாகப் பதியும். எல்லோரும் கருப்பு, நீலச் சட்டையில் வந்திருந்தார்கள்.

முதலில் நானும் மேலச்செவல்காரியும். இருபது அடி. அவள் சட்டையில் ஒரு பொட்டுக்கூட இல்லை. கை தட்டினார்கள். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அடுத்து அவளுக்கு எதிரே கல்லூரி அண்ணனை நிறுத்தினார். அவன் முரடன் இல்லை, நிதானமாக அடிக்கிறவன். இருபது அடியில் அவள் மேல் ஒன்பது வெள்ளை. தோளில், விலாவில், தொடையில். ஒன்று கழுத்தெலும்பில் பட்டு அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவன் கம்பைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, தன் சட்டையைத்தான் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஆசான் என்னைக் கூப்பிட்டார். அவளைக் கம்பைத் தாழ்த்தி நிற்கச் சொன்னார். "எம்மா, நீ எப்பவும் அடிக்க மாதிரி அடி. அவ கட்ட மாட்டா." எனக்குக் கை நடுங்கியது. அவள் அசையாமல் நின்றாள். அடித்தேன். கம்பு அவள் தோளுக்கு முன்னால் காற்றில் நின்றது. "டேப்பை எடு" என்றார். நுனிக்கும் தோளுக்கும் இடையில் ஒன்பது அங்குலம்.

"இது பொய்யடி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு எல்லோரையும் உட்கார வைத்து விளக்கினார். கட்டுகிறவர் கையைக் கட்டப் பழக்குவது எதிரே வருகிற அடிதான். அடி எந்த இடத்துக்கு வருகிறதோ அந்த இடத்துக்குத்தான் கை போகப் பழகும். பத்து நாளாக என் கம்பு ஒன்பது அங்குலம் முன்னாலேயே நின்றதால், அவள் கை அந்தக் காற்றைக் கட்டத்தான் பழகியிருக்கிறது. உண்மையான அடி அந்த இடத்தைத் தாண்டி வரும்போது அவள் கம்பு இன்னும் வழியில் இருக்கிறது.

அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 24, வியாழன்

வகுப்பு முடிந்து சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தவளிடம் போய் நின்றேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவளே சொன்னாள்.

"கோவமெல்லாம் இல்ல அத்தை. ஆனா நான் தேறிட்டேன்னு நெனைச்சுட்டேன்லா. வீட்டுல போய்ச் சொல்லிட்டேன். நீங்க அடிச்சிருந்தா வலிச்சிருக்கும், அவ்வளவுதான். இப்போ…"

அவள் முடிக்கவில்லை. பதினாலு வயசுப் பிள்ளை. அவள் போன பிறகு வெகுநேரம் வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருந்தேன். ஒரு ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்கும்போது, வந்தவர் மனசு கோணக்கூடாது என்று இடுப்பில் இரண்டு அங்குலம் குறைத்து எழுதுவேனா? எழுத மாட்டேன். அந்தத் துணி யாருக்கும் உதவாது என்று எனக்குத் தெரியும். இங்கே அதைத்தான் செய்திருக்கிறேன்.

ஏப்ரல் 26, சனி

இன்றைக்குக் கற்றதை விரிவாக எழுதிவைக்க வேண்டும்.

பலமாக அடித்தால் பிள்ளைக்கு வலிக்கும், வலிக்காமல் அடித்தால் பொய்யடி. இரண்டுக்கும் நடுவில் என்ன செய்வது என்று ஆசானிடம் நேராகவே கேட்டேன். "வேகத்தைக் குறை. தூரத்தைக் குறைக்காத. பைய அடி, ஆனா முழுசா அடி" என்றார்.

கேட்டால் சின்ன விஷயம், கைக்கு வரும்போதுதான் எவ்வளவு கஷ்டம் என்று தெரிகிறது. கை பயந்தால் தானாக மடங்குகிறது. ஆகவே இப்படிச் செய்தோம். முதல் பத்து அடி, தண்ணீருக்குள் வீசுவது போல மெதுவாக. கட்டவில்லை என்றால் நுனி வந்து சட்டையைத் தொட வேண்டும். தொட்டதா இல்லையா என்பதை மூன்றாவது ஆள் சொல்ல வேண்டும். ரைஸ்மில் பையன் "தொட்டுட்டு", "தொடல" என்று ஒவ்வொன்றுக்கும் குரல் கொடுத்தான். முதல் பத்தில் என் அடி நாலுதான் தொடும் தூரத்துக்குப் போனது. இரண்டாம் பத்தில் ஏழு. அதற்குப் பிறகுதான் வேகத்தில் ஒரு படி ஏற்றினோம். மூன்று அடி தொடர்ந்து கட்டத் தவறினால் மறுபடியும் ஒரு படி இறங்க வேண்டும். எப்போது ஏற்றுவது என்று அடிக்கிறவர் முடிவு செய்யக்கூடாது, கட்டுகிறவர்தான் "ஏத்துங்க" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்லை மேலச்செவல்காரி வாயால் கேட்பதற்கு இன்று நாற்பது நிமிஷம் ஆனது. சொன்னாள்.

அப்புறம் ஆசான் ஒரு ஓட்டை மண்பானையைக் கொண்டுவந்து கல்லின் மேல் கவிழ்த்து வைத்தார். ஒரு வீச்சு, நுனி பட்டதும் பானை சில்லுச் சில்லானது. இன்னொரு பானை வைத்து, ஒரு எட்டு உள்ளே நுழைந்து அதே வீச்சு வீசினார். இப்போது பட்டது கம்பின் நடுப்பகுதி, பானை உருண்டதே தவிர உடையவில்லை. கம்பு சுழலும்போது அதிக தூரம் ஓடுவது நுனிதான், கடைசி ஒரு சாணில்தான் அத்தனை வேகமும் இருக்கிறது. பயந்து பின்னால் போகிறவர் நேராக அந்தச் சாணுக்குள் போய் மாட்டிக்கொள்கிறார். கட்டிக்கொண்டே முன்னால் கால் வைக்கிறவருக்குப் பெரிய அடி விழாது. மேலச்செவல்காரி இத்தனை நாளும் பின்காலில் நின்று கட்டியிருக்கிறாள், என் அடி எட்டாததால் முன்னே வைக்க வேண்டிய தேவையே அவளுக்கு வரவில்லை. அதுவும் என் கணக்கில்தான்.

இதைக் கல்லூரி அண்ணன் மற்ற ஐந்து கூட்டத்துக்கும் கொண்டுபோனான். பார்த்தால், இன்னும் இரண்டு பேர் பொய்யடி அடித்துக்கொண்டிருந்தார்கள்! ஒருவன் தம்பிக்கு, ஒருத்தி சிநேகிதிக்கு. இரண்டும் பிரியத்தால்தான்.

ஏப்ரல் 29, செவ்வாய்

கொடைக்குக் கால் நாட்டியாயிற்று. இனி எட்டு நாள் ஊரில் மைக் செட்தான். தைக்க வேண்டிய பட்டுப் பாவாடை பதினான்கு கிடக்கிறது. வகுப்பு மட்டும் விடவில்லை.

மே 3, சனி

ரைஸ்மில் பையன் கம்பு பிடித்தான். விரல் வீக்கம் போய்விட்டது, பயம் போகவில்லை. கம்பு வருகிற நேரம் கண்ணை மூடிக்கொள்கிறான். "கண்ணைத் திற" என்று நாங்கள் நாலு பேர் நாலு பக்கம் இருந்து சொல்லச் சொல்ல இன்னும் இறுக்கி மூடினான்.

அவனுக்கு வழி கண்டுபிடித்தவள் மேலச்செவல்காரி. "கம்பைப் பாக்காதல. கம்பைப் பாத்தா யாருக்கும் கண்ணு மூடத்தான் செய்யும். அத்தை தோளைப் பாரு. அவங்களுக்கு இடது தோள் இன்னும் இத்தனூண்டு தூக்குது. நீதான முதல்ல கண்டுபிடிச்ச?" என்றாள். அவன் முகம் மாறிவிட்டது. கம்பை விட்டுத் தோளைப் பார்த்ததும் கண் மூடவில்லை. பைய அடியில் பத்துக்கு எட்டு கட்டினான்.

நான் இந்தத் தோளைச் சரி செய்ய ஒரு மாதமாகப் பாடுபடுகிறேன். இன்றைக்கு மட்டும் அது தூக்கியே இருக்கட்டும் என்று தோன்றியது. அடுத்த வாரம் சரி செய்துகொள்ளலாம்.

போகும்போது என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னான்: "அத்தை, கொடையில எனக்கும் முழுசாத்தான் அடிக்கணும்."

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. ஐந்து மணிக்கே ஆரம்பித்து ஆறரைக்கு முடித்தோம். நையாண்டி மேளக்காரர்கள் ஒத்திகைக்கு வந்திருந்தார்கள். மேளம் ஏற ஏறப் பிள்ளைகள் கம்பும் ஏறுகிறது, ஜோடி உடைகிறது. "மேளம் உன் காதுக்கு. காலு எதிர் ஆளோட காலுக்கு" என்று ஆசான் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்.

மே 7, புதன்

நேற்றுக் கொடை. மதியக் கொடை, சாமக்கொடை, வில்லுப்பாட்டு எல்லாம் முடிந்து விடியும்போதுதான் படுத்தேன். கால் இரண்டும் கொப்புளம். ஆனாலும் இதை இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

ஒன்பது மணிக்குப் பால்குடம் ஆற்றை விட்டுக் கிளம்பியது. தார் ரோட்டில் வெறுங்கால். வீட்டுக்கு வீடு குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தார்கள், நாங்கள் அந்த ஈரத்தைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தோம். நான் இந்தக் கோலத்தில் தெருவில் ஆடுவது என் மாமியாருக்கு எட்டு மாதமாகவே பிடிக்காத விஷயம். எங்கள் வீட்டு வாசலில் பெரிய அண்டா நிறையத் தண்ணீர் வைத்து, நாங்கள் வரும் நேரம் பார்த்துத் தெருவுக்குக் குறுக்கே ஊற்றியவர் அவர்தான். ஒரு சொல்லும் பேசவில்லை.

இரண்டாவது முனை திரும்பியதும் அது நடந்தது. கல்லூரி அண்ணனும் மேலச்செவல்காரியும் முன் ஜோடி. நான் அப்போது பக்கத்தில் நடக்கிற ஆறு பேரில் ஒருத்தி. அவர்கள் கம்பு மோதுகிற சத்தம் திடீரென்று மாறியது. கெட்டி மூங்கில் மோதினால் ‘டக்’ என்று கேட்கும். இது தளர்ந்து, ஓட்டைப் பானையைத் தட்டியது போல வந்தது. மேள இரைச்சலில் கூட்டத்தில் யாருக்கும் கேட்டிருக்காது, எங்களுக்குக் கேட்டது. எதிர்ப்பக்கம் நடந்த பையன் ஒருவன் "நீலம், நீலம்!" என்று கத்தினான். நீல நூல் கம்பு கேட்கிறான் என்று எனக்கு உடனே புரிந்தது. அந்த நேரம் சுற்று மாறுகிற கட்டம், ஒரு ஜோடி வெளியே வந்துகொண்டிருந்தது. அவர்கள் கையில் இருந்த நீலக் கம்பை வாங்கி நான் நீட்ட, கல்லூரி அண்ணன் பிளந்த கம்பைத் தாழ்த்திக்கொண்டு ஒரு எட்டுப் பின்வாங்கினான். அதற்குள் மேலச்செவல்காரி என்ன செய்தாள் தெரியுமா? நிற்கவில்லை. எதிரே ஆள் இல்லாத அந்த மூன்று நான்கு விநாடியும் தனி வீச்சாகச் சுழற்றி இடத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். அவன் புதுக் கம்போடு உள்ளே வந்ததும் அவன் காலைப் பார்த்துத் தன் காலைச் சேர்த்தாள். மேளம் நிற்கவில்லை, ஜனங்கள் அதுவும் ஆட்டத்தில் ஒரு பகுதி என்றே நினைத்தார்கள்.

பிளந்த கம்பு வெள்ளத்தில் தப்பித்த மூன்றில் ஒன்று. ஆசான் அதை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு கோயில் வரை நடந்தார்.

கோயில் வாசலில் கடைசிச் சுற்று எனக்கும் ரைஸ்மில் பையனுக்கும். முழு அடி அடித்தேன், வேகம் ஒரு படி குறைவாக. அவன் கண் என் தோளிலேயே இருந்தது. ஒரே ஒரு அடி அவன் இடது புஜத்தில் பட்டது. பல்லைக் கடித்தான், காலை முன்னே வைத்தான், அடுத்ததைக் கட்டினான்.

மே 11, ஞாயிறு

கொடையைப் பார்த்துவிட்டுப் புதிதாக ஐந்து பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். மூன்று பெண், இரண்டு ஆண். இப்போது இருபத்து மூன்று பேர், கம்பு பதினொன்று.

கோயில் கமிட்டியில் இருந்து அண்ணாச்சி ஒருவர் வந்து, ஆளுக்கு ஒரு கம்பு வாங்க ஆகிற பணம் முழுவதையும் தருவதாகச் சொன்னார். நல்ல மனசு. பிள்ளைகளும் குதித்தார்கள். ஆசான் பதில் சொல்லவில்லை, எங்களைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. ரைஸ்மில் பையன்தான் கேட்டான்: "எல்லாருக்கும் கம்பு இருந்தா, மூணாவது ஆள் யாரு ஆசான்?"

அரைமணி நேரம் பேசினோம். சொந்தக் கம்பு இருந்தால் வீட்டிலும் பழகலாம் என்று கல்லூரி அண்ணன் சொன்னது நியாயம்தான். நெற்றி அளவுக்குச் சரியான கம்பு கிடைக்கும் என்பதும் நியாயம். கடைசியில் ஐந்து மட்டும் வாங்கலாம் என்று முடிவானது. ஏழு கூட்டத்துக்குப் பதினான்கு, மீதி இரண்டு பேருக்கு இரண்டு. அந்த இருவருக்கு மூன்றாவது ஆளாக ஆசான் நிற்பார். வீட்டில் பழக விரும்புகிறவர்கள் முறை வைத்து எடுத்துப் போகலாம், விரிசல் பார்த்துக் கொடுத்து, விரிசல் பார்த்து வாங்க வேண்டும். மீதிப் பணத்துக்கு அண்ணாச்சி மேற்கூரை போட்டுத் தருகிறார்.

புதுப் பிள்ளைகளுக்குக் காலடி சொல்லிக் கொடுக்க மேலச்செவல்காரியையும் என்னையும் ஆசான் போட்டிருக்கிறார். கம்பு வெட்ட வியாழக்கிழமை ஆள் போகிறது. அதற்கு முன்னால், செவ்வாய்க்கிழமை மறக்காமல் டேப்பை எடுத்துப் போக வேண்டும். ஐந்து நெற்றி அளக்க வேண்டியிருக்கிறது.